எங்க ஊருக்கு டூர் வர்றீங்களா? கொடைக்கானல், ஐந்து யூனிட்டில்

ஃபைனல் இயர் தொடங்கினதும் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல வந்த முதல் மெசேஜ் பிளேஸ்மென்ட் பத்தி இல்லை. "மச்சி, கொடைக்கானல் எப்ப போறோம்?" அவ்வளவுதான். அடுத்த அஞ்சு நிமிஷத்துல பத்து பேர் என்னை டேக் பண்ணிட்டாங்க. நம்ம கிளாஸ்ல கொடைக்கானல் ஆள் நான் ஒருத்தர்தான். ரூம் எங்க கம்மி விலைக்குக் கிடைக்கும்? குணா குகைக்குள்ள இறங்க விடுவாங்களா? பேரிஜம் போக யாரையாவது தெரியுமா? காட்டுமாடு நிஜமாவே ரோட்டுக்கு வருமா? ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பி ஓய்ஞ்சு போய்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு முன்னெச்சரிக்கை. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல கடைசியா எழுதினது பப்ளிக் எக்ஸாமில்தான். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. நமக்குப் பழகின மாதிரியே அஞ்சு யூனிட்டா பிரிச்சிருக்கேன். எல்லா யூனிட்டும் முக்கியம், சாய்ஸில் விட முடியாது.

முதல்ல ஒரு அடிப்படை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலையின் மேல் இருக்கு. அரிசி, சிமென்ட், கேஸ் சிலிண்டர், மாத்திரை, டூரிஸ்ட் எல்லாமே ரோடு வழியா மேலே ஏறித்தான் வரணும். மழைத்தண்ணி, சாக்கடை, நீங்க வீசுற கவர் எல்லாமே சரிவு வழியா கீழே இறங்கித்தான் போகும். இந்த ரெண்டு வரியை மனசுல வெச்சுக்கங்க. கீழே நான் சொல்லப்போற டிப்ஸ் முழுக்க இந்த ரெண்டிலிருந்தே டெரைவ் பண்ணிடலாம்.

கொஞ்சம் வரலாறு. இந்த மலையில் பளியர்கள் காலங்காலமா இருக்காங்க. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி மாதிரி ஊர்களும் வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தவை. ஆனா இப்ப நீங்க பார்க்கிற டவுன், டூர் வந்தவங்க உருவாக்கினதுதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க இங்கே ஏறி வந்து 1845-ல் முதல் ரெண்டு வீடுகளைக் கட்டினாங்க. 1863-ல் மதுரை கலெக்டரா இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச், ஓடையைத் தடுத்து ஏரியை அமைச்சார். அதாவது நட்சத்திர வடிவில் நீங்க போட்டோ எடுக்கிற அந்த ஏரி இயற்கையா வந்தது இல்லை, ஒரு சிவில் ஒர்க். சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் பெருமைப்பட்டுக்கலாம்.

யூனிட் 1: ரோடு

மேலே ஏற பெரிய வண்டிகளுக்கு ரெண்டு ரோடுதான். ஒண்ணு வத்தலக்குண்டு வழி, இன்னொண்ணு பழனி வழி. ரெண்டும் பெருமாள்மலையில் சேர்ந்துடும். அங்கேயிருந்து டவுன் வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர் ஒரே ரோடு. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு படிச்சோமே, அதை நேர்ல பார்க்கணும்னா மே மாசம் சனிக்கிழமை அங்கே வந்து நில்லுங்க.

ரயிலில் வர்றவங்க கொடை ரோடு ஸ்டேஷன்ல இறங்கிட்டு "கொடைக்கானல் வந்தாச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போடாதீங்க. அங்கேயிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கு. திண்டுக்கல், மதுரை, பழனி, வத்தலக்குண்டு எங்கேயிருந்தும் அரசு பஸ் உண்டு. என் முதல் டிப்ஸ் அதுதான். அரசு பஸ்ஸில் வாங்க. 2024 மே 7-லிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசனில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டின்னு வரம்பும் வெச்சாங்க. அரசு பஸ்ஸுக்கு இது எதுவும் கிடையாது. வேன் பிடிச்சுத்தான் வருவோம்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே அரசு இணையதளத்தில் பதிவு பண்ணிடுங்க. அடிவாரத்தில் நின்னுக்கிட்டு டவர் தேடாதீங்க.

வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு கணக்கு. பதினஞ்சு டன் எடையுள்ள ஒரு பஸ் 1,800 மீட்டர் இறங்குதுன்னு வைங்க. எம்.ஜி.எச். போட்டா சுமார் 265 மெகாஜூல் வரும். கிட்டத்தட்ட 900 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற அளவு சக்தி. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமா இறங்கும். பிரேக் காய்ஞ்சா பிடிக்காது. அதனாலதான் எங்க ஊர் டிரைவர் அண்ணன்கள் "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு"ன்னு சொல்வாங்க. இன்ஜின் இழுத்துப் பிடிக்கும், பிரேக் தப்பிக்கும். டீசல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல இறங்குறது தற்கொலைக்குச் சமம். குறுகலான இடத்தில் மேலே ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குற நீங்க ஒதுங்கி நிக்கணும்.

வாந்தி வர்றவங்க முன் சீட்ல உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்க. போனைப் பார்க்காதீங்க. காது உள்ளே வண்டி திரும்புதுன்னு சொல்ல, கண்ணு ரீல்ஸ் அசையாம இருக்குன்னு சொல்ல, மூளை குழம்பிடும். அதுக்கு வயிறு பலி.

இப்ப ரோட்டை ஏன் முதல் யூனிட்டா வெச்சேன்னு சொல்லணும். செகண்ட் இயர் லீவு. மே மாசம், சனிக்கிழமை காலை. எங்க அம்மாச்சி வாசல்ல உட்கார்ந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தவங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாய்ஞ்சுட்டாங்க. ஊர்ல முதலுதவி கொடுத்துட்டு, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸில் நானும் அம்மாவும். பெருமாள்மலை வரைக்கும் சாதாரண நாளில் அரை மணி நேரம் போதும். அன்னைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் ஒரு காலேஜ் டூர் வேன் பாதி ரோட்டில் நின்னுச்சு. பசங்க ஸ்பீக்கர் வெச்சு ஆடிட்டு இருந்தாங்க. அவங்களைத் தாண்ட முடியாம கார்கள் எதிர் வரிசையில் ஏறி, ரெண்டு பக்கமும் பூட்டிக்கிச்சு. சைரன் அலறுது, ஒதுங்க யாருக்கும் இடம் இல்லை.

அந்தப் பசங்க கெட்டவங்க இல்லை. ஆம்புலன்ஸ்னு தெரிஞ்சதும் பாட்டை நிறுத்திட்டு, நாலு பேர் முன்னாடி ஓடி ஓடி விசில் அடிச்சு ஒவ்வொரு காரா ஒதுக்கி விட்டாங்க. ஒருத்தன் செருப்பு கூட இல்லாம ஓடினான். நம்மள மாதிரிப் பசங்கதான். வேனை அங்கே நிறுத்தினா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். அம்மாச்சி பிழைச்சுட்டாங்க. ஆனா "லேட்டா வந்ததால இதயத்துல ஒரு பகுதி போச்சு"ன்னு டாக்டர் சொன்னார். இப்ப வீட்டுப் படி ஏறவே ரெண்டு தடவை நிக்கிறாங்க.

அதனால ரோட்டுக்கு ஒரே ரூல். வளைவிலும் அருவி ஓரத்திலும் வண்டியை நிறுத்தாதீங்க. டிராஃபிக் நின்னா உங்க வரிசையிலேயே நில்லுங்க. எதிர் வரிசை காலியா தெரியுதுன்னா, அது யாரோ ஒருத்தருக்கான வழி.

யூனிட் 2: உயரம்

2,100 மீட்டரில் காத்தழுத்தம் கடல் மட்டத்தில் இருக்கிறதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. நீங்க கீழே வாங்கின சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வரும்போது பலூன் மாதிரி உப்பிடும், கவனிச்சுப் பாருங்க. தண்ணி இங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். அதனாலதான் குக்கர் இல்லாம பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். கேம்ப்னு சொல்லி பாத்திரத்தில் சோறு பொங்குறவங்க அரை வேக்காட்டைத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்குவாங்க. ஹோட்டலில் சாப்பிட்டுடுங்க.

குளிருக்கு ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட் கொண்டு வர்றதை விட, மூணு மெல்லிசு உடுப்பா அடுக்கிப் போடுறது நல்லது. நடுவுல நிக்கிற காத்துதான் உண்மையான இன்சுலேஷன். பகல் பதினோரு மணிக்கு வெயில் அடிக்கும், ஒண்ணைக் கழட்டலாம். நாலு மணிக்குப் பனி இறங்கும், திரும்பப் போட்டுக்கலாம். குளிர்ச்சியா இருக்கேன்னு வெயிலை ஏமாத்த முடியாது. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். படகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு மூக்கு உரிஞ்சு போன நண்பர்களைப் பார்த்திருக்கேன்.

மழை எங்களுக்கு ரெண்டு பருவமும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவும் மரம் சாயறதும் சகஜம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்ப மரங்களும் மின்கம்பங்களும் சாய்ஞ்சு ஊரே முடங்கிப் போச்சு. மழை எச்சரிக்கை வந்தா டூரைத் தள்ளிப் போடுங்க, அட்வான்ஸ் காசு போனா போகட்டும்.

மூடுபனியில் வண்டி ஓட்டும்போது ஹை பீம் போடாதீங்க. பனித்துளி அந்த வெளிச்சத்தைச் சிதறடிச்சு உங்க கண்ணுக்கே திருப்பி அனுப்பும். லோ பீம், மெதுவான வேகம், வளைவில் ஹாரன். அவ்வளவு போதும்.

இதில் உயிர் போற விஷயம் ஒண்ணு இருக்கு. குளிருதுன்னு கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போயிடும். எங்க ஊர்லயே அப்படி இறந்தவங்க செய்தி வந்திருக்கு. டென்ட்டுக்கும் இதே ரூல்தான். இன்னொரு போர்வை கேளுங்க, தருவாங்க.

யூனிட் 3: தண்ணியும் குப்பையும்

எங்க மலையோட இயற்கையான அமைப்பு புல்வெளியும் சோலைக்காடும். பள்ளத்தில் குட்டையான அடர்ந்த மரங்கள், மேட்டில் புல். இ.இ.இ. மக்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா இது ஒரு பெரிய கெப்பாசிட்டர். மழைக்காலத்தில் பாசியும் சருகும் வேரும் புல்லும் சேர்ந்து தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமா ஓடையில் விடும். கீழே சமவெளியில் இருக்கிறவங்க குடிக்கிறதும் பாய்ச்சுறதும் இந்த டிஸ்சார்ஜைத்தான். பேரிஜம் ஏரித் தண்ணி பெரியகுளத்துக்குக் குடிநீரா போகுது. அதனாலதான் அங்கே போக வனத்துறை அனுமதி வேணும், போற வண்டிகளுக்கும் எண்ணிக்கை உண்டு. "ஆள் தெரியுமா"ன்னு கேட்காதீங்க. முறைப்படி அனுமதி வாங்கிட்டுப் போங்க, கிடைக்கலைன்னா விட்டுடுங்க.

இன்ஸ்டாவில் எல்லாரும் போடுற பைன் காடு, யூகலிப்டஸ் தோப்பு, சீகை மரம் எதுவும் இந்த மலையோட சொந்த மரம் இல்லை, வெளியிலிருந்து கொண்டு வந்து நட்டது. அழகா இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பைன் மரத்துக்கு அடியில் நின்னு பாருங்க, ஊசி இலைச் சருகு தவிர பெருசா ஒண்ணும் முளைச்சிருக்காது. சோலைக்காட்டு ஓரத்தில் நின்னா தரை ஈரமா, மெத்து மெத்துன்னு இருக்கும். அந்த வித்தியாசம்தான் இந்த யூனிட்டோட சாரம்.

ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் எட்டு கிலோமீட்டர் தள்ளி வெள்ளி நீர்வீழ்ச்சியா விழுது. படகிலிருந்து நீங்க ஏரியில் போட்ட கவர் அடுத்த மழையில் அருவியில் இறங்கி, அப்புறம் யாரோட வயலுக்கோ போகும். அருவியில் நின்னு செல்ஃபி எடுக்கிறவங்க பெரும்பாலும் இதை யோசிக்கிறது இல்லை.

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கும் இங்கே தடை. சோதனையில் பிடிச்சா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி கட்டணும். நம்ம கிளாஸ்ல அம்பது பேர், ரெண்டு நாள், ஆளுக்கு மூணு பாட்டில்னு வைங்க. முந்நூறு பாட்டில் ஆச்சு. அதை இறக்கிக் கொண்டு போக இன்னொரு வண்டி, இன்னொரு ட்ரிப், அதே ரோடு. சமமான நிலமே இல்லாத ஊர்ல குப்பையைக் கொட்ட எங்கே இடம்? ஸ்டீல் பாட்டில் ஒண்ணு கொண்டு வாங்க. சாப்பிடுற ஹோட்டலில் கேட்டா வெந்நீரே பிடிச்சுத் தருவாங்க.

குளிக்கிறதுக்கும் ஒரு வேண்டுகோள். சீசன்ல எங்க தெருவுக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் குழாய்ல தண்ணி வரும். அம்மா எல்லாக் குடத்தையும் வரிசையா வெச்சுக் காத்திருப்பாங்க. லாட்ஜுக்கு மட்டும் லாரியில் தண்ணி போகும். கீசர் தண்ணி சூடாகுற வரைக்கும் ஷவரைத் திறந்து விட்டுட்டுப் பல் தேய்க்காதீங்க. அந்த முதல் பக்கெட்டைப் பிடிச்சு வெச்சா டாய்லெட்டுக்கு ஆகும்.

யூனிட் 4: மாடு, பாறை, போலீஸ்

காட்டுமாடு நிஜமாவே வரும். பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஏரிச் சாலை, எங்க வீட்டு கீரைப் பாத்தி, எங்கே வேணும்னாலும் வரும். ஒரு காளை எண்ணூறு கிலோவிலிருந்து ஒரு டன் வரை இருக்கும். புல் மேயுறப்ப சாதுவா தெரியும். அது சாது இல்லை, உங்களைக் கண்டுக்கல, அவ்வளவுதான். முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்க. ஃபிளாஷ் போடாதீங்க, விசில் அடிக்காதீங்க, அது போற வழியை மறிச்சு வண்டியை நிறுத்தாதீங்க. தலையைக் குனிஞ்சு மூச்சை விட்டா பின்னாடியே நகர்ந்து, வீட்டுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ போயிடுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச் இல்லாம தனியா நடக்காதீங்க. குரங்குக்குச் சோறு போடாதீங்க. இன்னைக்கு நீங்க போட்டா, நாளைக்கு அது ஒரு குழந்தை கையிலிருந்து பிடுங்கும்.

குணா குகை. 1991-ல் 'குணா' படம் வர்றதுக்கு முன்னாடி அதுக்கு 'டெவில்ஸ் கிச்சன்'னு பேர். தூண் பாறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆழமான பாறை இடுக்குகள்தான் அது. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த நண்பர்கள் குழுவில் ஒருத்தர் உள்ளே விழுந்து, கூட வந்தவரே இறங்கிக் காப்பாத்தினதுதான் 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படமா வந்தது. அந்தப் படத்துக்கு அப்புறம் கூட்டம் எக்கச்சக்கம். எல்லாரும் அந்த நட்பைப் பார்த்துட்டு வர்றாங்க. ஆனா அதே குழியில் விழுந்து திரும்பி வராதவங்க பலர் உண்டுங்கிறதை மறந்துடுறாங்க. கம்பி வேலி போட்டிருக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க. மேலே வேர்கள் பின்னிக் கிடக்கிறதுதான் அழகு. அதுக்குக் குழிக்குள்ள எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

டால்ஃபின் நோஸ் வட்டக்கானல் வழியா இறங்கிப் போகணும். வேரும் சேறுமா வழுக்கும். போறப்ப இறக்கம், திரும்புறப்ப ஏத்தம். அதனால பாதி எனர்ஜி மிச்சம் இருக்கும்போதே திரும்புங்க. பாறை நுனியில் நிக்கும்போது பனி வந்துச்சுன்னா அசையாதீங்க, அப்படியே உட்காருங்க. பனி கொஞ்ச நேரத்தில் விலகிடும். நகர்ந்தவங்கதான் விழுந்திருக்காங்க.

அப்புறம், எல்லாரும் ரகசியமா கேட்கிற மேட்டர். 'மேஜிக் மஷ்ரூம்'. அதில் இருக்கிற சைலோசைபின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் வருது. விக்கிறது மட்டும் இல்லை, வெச்சிருக்கிறதும் குற்றம். கேஸ் ஆனா பிளேஸ்மென்ட், பாஸ்போர்ட் ரெண்டும் கேள்விக்குறி. அதோட, காட்டுல பறிச்ச காளானில் எது விஷம்னு விக்கிற பையனுக்கே தெரியாது. ரோட்டோரம் யாராவது பக்கத்துல வந்து மெதுவா "வேணுமா?"ன்னு கேட்டா, "வேணாம் தம்பி"ன்னு சொல்லிட்டு நடங்க.

யூனிட் 5: பிளானும் ஷாப்பிங்கும்

மே மாசக் கோடை விழாவும் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும் பார்க்கணும்னா கூட்டத்தைச் சகிச்சுக்கணும். என்னைக் கேட்டா ஜனவரி, பிப்ரவரியில் செவ்வாய், புதன் மாதிரி வார நாளில் வாங்க. ரூம் வாடகையும் இறங்கியிருக்கும், வானமும் தெளிவா இருக்கும்.

முதல் நாள் காலையில் முதல் வேலையா கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெஃப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டி அமைச்ச, ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலை ஒன்பது மணிக்குள்ள போனா சமவெளி முழுக்கத் தெரியும். மதியம் போனா வெள்ளைச் சுவர்தான் தெரியும். அப்புறம் ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் நடங்க. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்க. சாயங்காலம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் கட்டினது. வானம் தெளிவா இருந்தா ஒரு பக்கம் பழனி மலையும் இன்னொரு பக்கம் வைகை அணையும் தெரியும். குறிஞ்சி 2018-ல் பூத்துச்சு, அடுத்து 2030. அப்ப நமக்கு வேலையும் இருக்கும், லீவு கேட்டா முறைக்கிற மேனேஜரும் இருப்பார். இப்பவே காலண்டர்ல போட்டு வைங்க.

ரெண்டாம் நாள் சூரிய ஆய்வுக்கூடம். இதைக் காரணம் காட்டி டூரை ஐ.வி.ன்னு ஹெச்.ஓ.டி. கிட்ட எழுதிக் கொடுத்தா பொய்யும் இல்லை. 1870-களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனோட மாற்றத்துக்கும் நம்ம மழைக்கும் தொடர்பு இருக்கான்னு தேடினது இந்த ஆய்வுக்கூடம் உருவாக ஒரு காரணம். 1901-லிருந்து இங்கே சூரியனைத் தொடர்ந்து பதிவு பண்றாங்க. சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமா பாயுதுன்னு ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடிச்சது இந்த மலையில்தான். இன்னைக்கும் உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு'ன்னுதான் சொல்லுது. நான் சின்ன வயசுல அந்தப் பக்கம் பல தடவை போயிருக்கேன். அது என்னன்னு தெரிஞ்சது தேர்ட் இயர்லதான். பார்வையாளர் நேரத்தை மட்டும் முன்னாடியே விசாரிச்சுட்டு வாங்க.

மதியத்துக்கு மேல நேரம் இருந்தா டவுன் பஸ்ஸில் பூம்பாறை போயிட்டு வாங்க. படிப்படியா இறங்குற வயல், குழந்தை வேலப்பர் கோயில், வீட்டுத் திண்ணையில் காயுற பூண்டு. கடைசி பஸ் எப்பன்னு இறங்கும்போதே கண்டக்டர் கிட்ட கேட்டுக்கங்க. சில வளைவுகளுக்கு அப்புறம் போன் சிக்னல் கிடையாது, ஆப் வேலை செய்யாது. கையில் கொஞ்சம் சில்லறைக் காசு வெச்சுக்கங்க.

என்ன வாங்கலாம்? கொடைக்கானல் மலைப்பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினது. பல்லு சின்னது, காரம் அதிகம், ரொம்ப நாள் கெடாது. உங்க வீட்டில் சந்தோஷப்படுவாங்க. ஞாயிற்றுக்கிழமை வந்தா சந்தைக்குப் போங்க. மலைக்கிராமத்து விவசாயிங்க கேரட், பீன்ஸ், அந்த சீசன் பழம்னு கொண்டு வருவாங்க. நேரா அவங்க கிட்ட வாங்கினா காசு அவங்களுக்கே போகும். 'ஹோம் மேட்' சாக்லேட் பத்தி ஒரு உண்மை. கொக்கோ இந்தக் குளிரில் விளையாது, கீழேயிருந்துதான் வரும். நிறைய கடையில் ரெடிமேட் கட்டியை உருக்கி அச்சில் ஊத்துறதுதான். ருசி பார்த்து, கொக்கோ வெண்ணெயா வேற கொழுப்பான்னு கேட்டு, விலையைப் பேசி வாங்குங்க.

எக்ஸாமுக்கு முன்னாடி ஒரு புரட்டல்

பேக்கில் ஸ்டீல் பாட்டில், டார்ச், மெல்லிசா மூணு உடுப்பு, வழுக்காத ஷூ, மழைக்கோட்டு. சொந்த வண்டின்னா இ-பாஸ். ஏறின கியர்லயே இறக்கம். ரூமுக்குள்ள கரி அடுப்பு கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம். மாட்டுக்கு முப்பது மீட்டர். குப்பையைத் திரும்ப பேக்கில் போட்டுக் கீழே கொண்டு போங்க. எல்லாத்துக்கும் மேல, ரோட்டில் பாதி இடத்தை எப்பவும் காலியா விடுங்க.

எங்க ஊர்ல பாதிப் பேர் டூரிஸ்ட்டை நம்பித்தான் சாப்பிடுறோம். எங்க அப்பாவோட கடையும் அப்படித்தான். உங்க காசுலதான் நான் ஃபீஸ் கட்டினேன்னு சொன்னாலும் தப்பு இல்லை. அதனால வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எப்படி வரணும்னு மட்டும் சொல்லிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினதும் எனக்கு ஒரு கால் பண்ணுங்க. வீடு பக்கத்துலதான். அம்மாச்சி இப்ப அடுப்படியில் ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஆனா வீட்டுக்கு வர்ற என் ஃபிரெண்ட்ஸுக்கு சுக்குக் காப்பி மட்டும் அவங்களேதான் போடுவாங்க, வேற யாரையும் விட மாட்டாங்க. அம்பது பேரும் ஒரே நேரத்துல வந்துடாதீங்க, பத்துப் பத்தா வாங்க. எங்க தெருவும் ஒரு வண்டி மட்டும் போற தெருதான்.